சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுகள்: ஒரு நாற்பதாண்டு வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கம்ப்யூட்டர் துறையில் இல்லாத சொந்தக்காரர்கள் "இது நமக்கில்லை" என்று தள்ளிவிட வேண்டாம். தபால் ஆபீஸும் ஷேர் ஆட்டோவும் தெரிந்தால் போதும், முழுக்கப் புரியும்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று நெட்வொர்க் புரோகிராம் எழுதுகிறீர்கள். உங்கள் புரோகிராமில் 'செட்சாக்ஆப்ட்' என்று தொடங்கும் நாலைந்து வரிகள் அநேகமாக இருக்கும். இந்த வரி எதற்கு என்று கேட்டால், "முன்னாடியே இருந்தது சார், எடுக்கப் பயமா இருக்கு" என்பதுதான் பலரின் பதில். ஊர்க்கோயிலில் பூனையைக் கட்டிவைத்துப் பூசை செய்த கதை மாதிரி. பூனையை முதலில் யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் அடிப்படை. இணையத்தில் செய்தி போவதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. கீழே ஐபி. அது சாதாரணத் தபால் மாதிரி. முகவரி எழுதிப் பெட்டியில் போட்டால் பெரும்பாலும் போய்ச் சேரும். சில நேரம் தொலையும். சில நேரம் நேற்றுப் போட்டது நாளைக்கும் இன்று போட்டது இன்றைக்குமே போய்ச் சேரும். அதன்மேல் உட்கார்ந்திருப்பது டிசிபி. அது பதிவுத் தபால். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் உண்டு; பெற்றுக்கொண்டவர் ஒப்புகை அட்டை அனுப்ப வேண்டும்; அட்டை வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். நடுவில் இருக்கும் ரவுட்டர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. பொறுப்பு முழுவதும் இரண்டு முனைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களுடையது. இதை நன்றாக நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த யோசனையை விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் மே 1974-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்போது டிசிபியும் ஐபியும் ஒரே உருப்படி. 1978-ல் இரண்டாகப் பிரித்தார்கள். செப்டம்பர் 1981-ல் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஆர்.எஃப்.சி. 793 என்ற ஆவணம் டிசிபியின் இலக்கண நூல் ஆயிற்று. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஆர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது.

இலக்கணம் இருந்தால் போதுமா? புரோகிராம் எழுதுபவன் அதைப் பயன்படுத்த ஒரு கைப்பிடி வேண்டுமே. அந்தக் கைப்பிடிதான் சாக்கெட். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஆகஸ்ட் 1983-ல் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் தொகுப்போடு அது வந்தது. சாக்கெட், பைண்ட், லிஸன், அக்செப்ட், கனெக்ட் என்று நான் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டது நினைவிருக்கும். அதே தொகுப்பில் வந்ததுதான் செட்சாக்ஆப்ட்.

அதன் வடிவத்தைக் கவனியுங்கள். ஐந்து விவரங்களைக் கேட்கும். எந்தச் சாக்கெட், எந்த அடுக்கு, எந்த சுவிட்சு, என்ன மதிப்பு, அந்த மதிப்பின் நீளம் எவ்வளவு. இந்த 'எந்த அடுக்கு' என்ற கேள்வியில்தான் பெர்க்லிக்காரர்களின் தொலைநோக்கு இருக்கிறது. நாளைக்கு என்னென்ன புதிய நெறிமுறைகள் வரும், அவற்றில் என்னென்ன சுவிட்சுகள் வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் எதையும் ஊகிக்காமல், யார் வேண்டுமானாலும் புதிய அடுக்கையும் புதிய சுவிட்சையும் சேர்த்துக்கொள்ள இடம் விட்டு வைத்தார்கள். வீடு கட்டும்போது மாடிக்குக் கம்பி நீட்டி விடுவோமே, அப்படி. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கம்பியின்மேல் மாடிக்கு மேல் மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது.

தொடக்கத்தில் இருந்த சுவிட்சுகளில் ஒன்று 'ரீயூஸ்-அட்ரஸ்'. சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று திட்டு வாங்காத மாணவர் யாரும் இருக்க முடியாது. ஏன் அப்படிச் சொல்கிறது? வாடகை வீட்டை வைத்துப் பார்ப்போம். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார். ஆனால் அவர் பெயருக்கு வரவேண்டிய கடிதங்கள் இன்னும் வழியில் இருக்கின்றன. அன்றே புதியவர் குடிவந்தால் பழையவர் கடிதத்தைத் தன்னுடையது என்று பிரித்துப் படித்துவிடுவார். அதனால் டிசிபி, இணைப்பை முதலில் முடித்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்கிறது. ஒரு பாக்கெட் வழியில் உயிரோடு சுற்றக்கூடிய அதிகபட்ச நேரம் 2 நிமிடம் என்று ஆர்.எஃப்.சி. 793 வைத்துக்கொண்டது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு மடங்கு, ஆக 4 நிமிடம். இன்றைய லினக்ஸ் 60 விநாடியோடு நிறுத்திக்கொள்கிறது.

ரீயூஸ்-அட்ரஸ் அந்தக் காத்திருப்பை ஒழிப்பதில்லை. ஓர் இணைப்பை அடையாளம் காட்டுவது நான்கு விவரங்கள்: இந்தப் பக்க முகவரி, கதவு எண், அந்தப் பக்க முகவரி, கதவு எண். பழைய இணைப்புகள் தங்கள் நான்கு விவரங்களோடு ஓரமாகக் காத்திருக்கட்டும், வாசலில் புதியவர்களை வரவேற்க மட்டும் எனக்கு அனுமதி கொடு என்று சர்வர் கேட்கிறது. நியாயமான கோரிக்கை. யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் இதைப் போடுவதுதான் முறை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சுவிட்சு உண்டு, 'லிங்கர்'. அதை பூஜ்யம் விநாடி என்று வைத்து இணைப்பை மூடினால் காத்திருப்பு சுத்தமாகப் போய்விடும். சில அவசரக்காரர்கள் இதைத்தான் "தீர்வு" என்று எழுதி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் டிசிபி முறையாக விடைபெறாமல் இணைப்பை முறித்துவிடும். இன்னும் அனுப்பாமல் கையில் வைத்திருந்த தகவலையும் குப்பையில் போட்டுவிடும். பணம் கட்டியதற்கான ரசீதின் கடைசி வரி அதில் இருந்தால்? வாடிக்கையாளர் பக்கம் ஒரு பிழைச்செய்தி, உங்கள் பக்கம் "எல்லாம் சரியாக முடிந்தது" என்ற பதிவு. இரண்டு சுவிட்சும் பார்ப்பதற்கு ஒரே தலைவலிக்கு இரண்டு மாத்திரை போல இருக்கும். ஒன்று மருந்து, மற்றது விஷம்.

இனிமேல் முக்கியமான கட்டம்.

ஃபோர்டு கார் கம்பெனியைத் தெரியும். அதன் கிளையான ஃபோர்டு ஏரோஸ்பேஸில் ஜான் நேகிள் என்ற பொறியாளர் இருந்தார். மிச்சிகனில் ஒன்று, கலிபோர்னியாவில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று என நான்கு இடங்களை இணைத்து அவர்களுக்குச் சொந்தமாக ஒரு டிசிபி/ஐபி வலை இருந்தது. தூரம் அதிகம், குழாய் ஒல்லி. அதில் அவர் பார்த்த விநோதம் இது. ஒருவர் தூரத்துக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறார். ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனிப் பாக்கெட்டாகப் போகிறது. பாக்கெட்டின் மேலுறை மட்டும் 40 பைட். 1 பைட் சரக்குக்கு 41 பைட் சுமை. அதாவது கூடுதல் செலவு 4000 சதவீதம். ஒரே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ வரிசையாகக் கிளம்பினால் ரோடு என்ன ஆகும்?

பழைய வலைகளில் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஒவ்வொரு முறையும் 200 முதல் 500 மில்லி விநாடி வரை காத்திருந்து, சேர்ந்ததை மொத்தமாக அனுப்புவது. நேகிளுக்கு அது பிடிக்கவில்லை. வேகமான பாதையில் அவ்வளவு நேரம் வீண். மெதுவான பாதையில் அவ்வளவு நேரம் போதாது. கடிகாரமே இல்லாத ஒரு விதியை அவர் கொண்டுவந்தார். முன்னால் போன ஆட்டோ போய்ச் சேர்ந்துவிட்டது என்ற தகவல் வரும்வரை அடுத்த ஆட்டோவில் ஆள் சேர்த்துக்கொண்டே இரு. தகவல் வந்ததும் எத்தனை பேர் இருந்தாலும் கிளம்பு. அதற்கு முன்பே நிறைந்துவிட்டால் காத்திருக்காமல் கிளம்பு. அவ்வளவுதான். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரிடமிருந்து தகவல் உடனே வரும், அதனால் தாமதம் தெரியாது. இங்கிலாந்திலிருந்து மெதுவாக வரும், அதற்குள் நிறைய எழுத்து சேரும். பாதைக்கு ஏற்றபடி விதி தானே வளைந்துகொடுக்கிறது. 1984 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 896 ஆக இதை வெளியிட்டார். அதே ஆவணத்தில் இன்னோர் எச்சரிக்கையும் செய்தார்: எல்லோரும் இப்படித் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே போனால் ஒருநாள் வலை முழுவதும் நெரிசலில் சரிந்துவிடும் என்று. அதற்கு ஒரு பெயரும் வைத்தார். 'நெரிசல் சரிவு' என்று நாம் சொல்லலாம்.

இதே காலத்தில் பெர்க்லியில் வேறொரு சிக்கனம் நடந்தது. ஒப்புகை அட்டையைத் தனியாக எதற்கு அனுப்புவது? எப்படியும் பதில் கடிதம் எழுதப்போகிறோம், அதிலேயே வைத்து அனுப்பிவிடலாமே. பதில் எதுவும் இல்லை என்றால் 200 மில்லி விநாடிவரை பார்த்துவிட்டுத் தனியாக அனுப்பலாம். தனியாகப் பார்த்தால் இதுவும் நல்ல யோசனைதான்.

இரண்டு நல்ல யோசனைகளையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் புரோகிராம் ஒரு கோரிக்கையை இரண்டு துண்டாக எழுதுகிறது. முதலில் தலைப்பு, பிறகு உடல். தலைப்பு உடனே போய்விடுகிறது. உடல் சிறியது, தலைப்புக்கான ஒப்புகை வரட்டும் என்று நேகிள் விதி அதைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பக்கத்துச் சர்வருக்குப் பாதிக் கோரிக்கைதான் வந்திருக்கிறது. பதில் சொல்ல எதுவும் இல்லை. பதிலோடு சேர்த்து ஒப்புகை அனுப்பலாம் என்று அது காத்திருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் "நீங்க முதல்ல உட்காருங்க", "இல்லல்ல, நீங்க உட்காருங்க" என்று இரண்டு சம்பந்திகளும் நின்றுகொண்டே இருப்பது போல. 200 மில்லி விநாடி கழித்துக் கடிகாரம் அடித்து ஒப்புகை போன பிறகுதான் உடல் கிளம்பும். ஒரு தடவைக்கு 200 என்றால் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 5 கோரிக்கை. 1000 கோரிக்கைக்கு 200 விநாடி, மூன்று நிமிடத்துக்கும் மேல். இரண்டு கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தாலும் இதே கதிதான். சி.பி.யு. சும்மா இருக்கும், வலை சும்மா இருக்கும், வேலை மட்டும் நகராது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நேகிளே இதைப் பற்றி இணையத்தில் எழுதியிருக்கிறார். சிக்கலுக்குக் காரணம் தன் விதி அல்ல, ஒப்புகையைத் தாமதிக்கும் அந்த நிலையான கடிகாரம் என்பது அவர் வாதம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஆளுக்கொரு பக்கமாக டிசிபிக்குள் நுழைந்தவை.

இதற்கான சுவிட்சுதான் நீங்கள் எல்லோரும் எழுதும் 'டிசிபி நோ-டிலே'. 1986-ல் வந்த 4.3 பி.எஸ்.டி.யில் அது சேர்ந்தது. அதைப் போட்டால் அந்த இணைப்புக்கு நேகிள் விதி நிறுத்தப்படும். அவசியமான இடங்கள் உண்டு. எக்ஸ் விண்டோவில் சுட்டெலியை நகர்த்தும்போது ஒவ்வோர் அசைவும் சிறிய செய்தி; பிடித்து வைத்தால் அம்புக்குறி விக்கி விக்கி நகரும். விளையாட்டு, பங்குச்சந்தை ஆர்டர், தூரத்துக் கம்ப்யூட்டரில் தட்டச்சு, இவற்றுக்கெல்லாம் நோ-டிலே சரி.

ஆனால் நான் மேலே சொன்ன தலைப்பு–உடல் சிக்கலுக்கு அது நேரான மருந்து இல்லை. நோய் எங்கே இருக்கிறது? ஒரே செய்தியை இரண்டு துண்டாக எழுதியதில். இரண்டையும் சேர்த்து ஒரே முறையில் எழுதினால் நேகிள் விதியும் தடுக்காது, பாக்கெட்டும் ஒன்றுதான் போகும். நோ-டிலே போட்டால் தாமதம் போகும், ஆனால் இரண்டு ஆட்டோ போகும். துண்டுகளைச் சேர்த்து எழுத 'ரைட்வி' என்ற கட்டளை இருக்கிறது. அது எப்போது வந்தது தெரியுமா? சாக்கெட் வந்த அதே 4.2 பி.எஸ்.டி.யில், 1983-ல். நோய்க்கு முன்பே மருந்து அலமாரியில் இருந்தது. இன்று கோ போன்ற மொழிகள் நோ-டிலேயை இயல்பாகவே போட்டுக் கொடுக்கின்றன. அங்கே சின்னச் சின்னதாக எழுதுபவன் தாமதத்தை உணரமாட்டான். செலவை வலை ஏற்றுக்கொள்ளும்.

அந்தச் செலவை வலை எப்போதும் அமைதியாக ஏற்றுக்கொண்டதில்லை. அக்டோபர் 1986-ல் நேகிள் எச்சரித்தது நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம். கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிடலாம். அந்தப் பாதையில் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. 40 பிட் என்றால் விநாடிக்கு 5 எழுத்து. சுமாராகத் தட்டச்சு தெரிந்தவர்கூட அதைவிட அதிகம் பின்தங்கமாட்டார்.

காரணம் கம்பியில் இல்லை. நெரிசலில் பாக்கெட் தொலைகிறது. ஒப்புகை வராததால் அனுப்பியவர் மறுபடி அனுப்புகிறார். நெரிசல் கூடுகிறது, இன்னும் தொலைகிறது, எல்லோரும் இன்னும் வேகமாக மறுபடி அனுப்புகிறார்கள். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ரோட்டின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கேட் திறந்ததும் யாராலும் நகர முடியாமல் ஹாரன் அடிக்கிறோமே, அதுதான். ஒவ்வொருவர் செய்வதும் அவரவருக்கு நியாயம். கூட்டினால் எல்லோருக்கும் நஷ்டம்.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தின் மைக் கேரல்ஸும் உட்கார்ந்து ஆராய்ந்து, 1988-ல் முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாரம் இதுதான். இணைப்பு தொடங்கும்போது மெல்லத் தொடங்கு. ஒரு பாக்கெட் அனுப்பு, ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு உன் வேகத்தைக் குறைத்துக்கொள். ரவுட்டர்களை மாற்றவில்லை, போலீஸ் வைக்கவில்லை. முனைகளில் இருக்கும் டிசிபியை மட்டும் திருத்தி, அதே ஆண்டு ஜூனில் 4.3 பி.எஸ்.டி. டாஹோ பதிப்பில் சேர்த்துக் கொடுத்தார்கள். பொறுப்பு முனைகளில் இருக்கிறது என்று ஆரம்பத்தில் நினைவில் வைக்கச் சொன்னேனே, அதன் பலன் இது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நேகிள் விதிக்கு சுவிட்சு கொடுத்தார்கள். ஜேக்கப்சனின் நெரிசல் கட்டுப்பாட்டுக்கு "நிறுத்து" என்று ஒரு சுவிட்சு சாக்கெட்டில் இருக்கிறதா? தேடிப்பாருங்கள். இல்லை. ஏன் இல்லை?

பதில் அக்டோபர் 1989-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1122-ல் இருக்கிறது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுக்க நூல் அது. பதிப்பித்தவர் ராபர்ட் பிரேடன். ஒவ்வொரு விதிக்கும் மூன்று சொற்களில் ஒன்றைப் போட்டிருப்பார்கள்: 'கட்டாயம்', 'செய்வது நல்லது', 'விருப்பம்'. நெரிசல் கட்டுப்பாட்டுக்குக் கட்டாயம். நேகிள் விதிக்கு, செய்வது நல்லது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒவ்வோர் இணைப்புக்கும் வழி இருப்பது கட்டாயம். 'கீப்-அலைவ்' என்ற சுவிட்சுக்கு, விருப்பம்; அதுவும் இயல்பு நிலையில் அணைந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

அடுத்தவனைப் பாதிக்கும் முடிவுக்கு சுவிட்சு இல்லை. பெரும்பாலும் உன்னை மட்டும் பாதிப்பதற்கு சுவிட்சு உண்டு. யாருக்குத் தேவை என்று தெரியாததை அணைத்தே வைத்திரு. இதைவிட நல்ல குடிமைப் பாடத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் நடத்தியதில்லை.

கீப்-அலைவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணைப்பு திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பேசவில்லை. எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் இது. ஆர்.எஃப்.சி. 1122 இதை ஏன் தயங்கித் தயங்கி அனுமதித்தது? தட்டும் நேரம் பார்த்து வழியில் தற்காலிகக் கோளாறு இருந்தால் நல்ல இணைப்பும் அறுந்துபோகும், தேவையில்லாத போக்குவரத்து, பாக்கெட்டுக்குக் காசு வாங்கும் பாதைகளில் வீண் செலவு. அதனால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி இயல்பாக இருக்க வேண்டும் என்றார்கள். இன்றும் லினக்ஸில் நீங்கள் வெறுமனே கீப்-அலைவ் போட்டால் முதல் தட்டு 7200 விநாடி கழித்துத்தான். பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 தட்டு. எதிர்ப்பக்கம் செத்துப்போனது தெரிய 2 மணி 11 நிமிடம் ஆகும். "கீப்-அலைவ் போட்டிருக்கிறோமே சார், ஏன் தெரியவில்லை?" என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் மூன்று தனிச் சுவிட்சுகளால் இந்த எண்களை ஒவ்வோர் இணைப்புக்கும் மாற்றலாம்.

நடுவில் இன்னொரு ஆள் வந்து சேர்ந்ததுதான் இதில் சிக்கல். வீட்டு மோடத்திலும் மொபைல் கம்பெனியிலும் இருக்கும் முகவரி மாற்றும் பெட்டிகள், பேசாமல் இருக்கும் இணைப்பைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகின்றன. 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5382, குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிகளுக்குக் கட்டளையிட்டது. அந்த எண்ணில் 1989-ன் 2 மணி நேரத்தின் நிழல் தெரிகிறது, பார்த்தீர்களா? பல பெட்டிகள் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதுவரை பார்த்த சுவிட்சுகள் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை. இன்னொரு வகை உண்டு: உறையின்மேல் எழுதி எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவு செய்பவை. அதில் முக்கியமானது விண்டோ அளவு. "ஒப்புகை இல்லாமல் எவ்வளவு அனுப்பலாம்" என்பதை எழுத டிசிபி உறையில் 16 பிட் இடம்தான் உண்டு. அதிகபட்சம் 65,535 பைட். 1981-ல் அது கடல். ஆனால் போய்வர 0.2 விநாடி ஆகும் கண்டம் தாண்டிய பாதையில் கணக்குப் போடுங்கள்: விநாடிக்கு ஐந்து தடவை 65,535 பைட், அதாவது சுமார் 2.6 மெகாபிட். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குமேல் போகாது. மே 1992-ல் ஜேக்கப்சன், பிரேடன், போர்மன் மூவரும் ஆர்.எஃப்.சி. 1323 மூலம் வழி கண்டார்கள். இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே ஒரு பெருக்கல் எண்ணைச் சொல்லிவிடுவது. அதன் மூலம் 1 கிகாபைட் வரை போகலாம்.

முதல் பாக்கெட்டில் மட்டும்தான் சொல்ல முடியும் என்பதால் ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. பெரிய பஃபர் வேண்டும் என்றால் கிளையன்ட் கனெக்ட் செய்வதற்கு முன்பும், சர்வர் லிஸன் செய்வதற்கு முன்பும் சொல்லிவிட வேண்டும். இணைந்த பிறகு சொன்னால், தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போல. அதைவிட முக்கியம்: இன்றைய லினக்ஸ், பாதைக்கேற்ற பஃபர் அளவைத் தானே பார்த்துக் கூட்டிக்கொள்கிறது. நீங்கள் கையால் ஒரு எண்ணைப் போட்ட மாத்திரத்தில் அந்தத் தானியங்கி நின்றுவிடும். 1990-களில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய "64 கிலோபைட்" வரி, நகலுக்கு நகலாக வந்து, இன்று உங்கள் சர்வரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு அது மருந்து. இன்றைக்கு அதுதான் நோய்.

இந்த விஷயங்களையெல்லாம் நம் போன்றவர்களுக்குப் புரியும்படி எழுதிவைத்தவர் டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். இன்றைய ஸாம்பியாவில் பிறந்தவர். 1990-ல் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் பற்றிய அவர் புத்தகம் வந்தது. 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சாக்கெட் ஆப்ஷன்களுக்கென்றே ஏழாம் அத்தியாயம். எதையும் ஓட்டிப் பார்த்து, வலையில் என்ன போகிறது என்று காட்டிவிட்டுத்தான் சொல்வார். 1999-ல் 48 வயதில் காலமானார். நல்ல ஆசிரியர் என்று நான் நினைக்கும்போது வகுப்பறையில் பார்க்காத இவர் பெயரும் வரும்.

கடைசிக் கட்டம் நம் கண்முன் நடப்பது. நெரிசல் கட்டுப்பாட்டுக்கு சுவிட்சு இல்லை என்றேன். 2005-ல் லினக்ஸ் ஒரு சிறு கதவைத் திறந்தது. 'டிசிபி கன்ஜெஷன்' என்ற சுவிட்சால் எந்த முறை என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சாதாரணப் புரோகிராம், கம்ப்யூட்டரின் நிர்வாகி அனுமதித்த பட்டியலுக்குள்தான் தேர்ந்தெடுக்க முடியும். கட்டுப்பாடே வேண்டாம் என்ற தேர்வு பட்டியலில் கிடையாது. 1989-ன் நாகரிகம் அங்கே காப்பாற்றப்பட்டது. ஆனால் வேறு பக்கம் கசிந்தது. ஒரு சர்வருக்கு 2 இணைப்புக்குமேல் வைக்காதிருப்பது நல்லது என்று 1999-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 ஆவணம் சொன்னது. பிரவுசர்கள் போட்டி போட்டுக்கொண்டு 6 வரை போயின. ஒவ்வோர் இணைப்பும் விதியை மதித்தது. ஆனால் ஒருவரே ஆறு பேராக வரிசையில் நின்றார். ரேஷன் கடை வரிசை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், உறையின்மேல் புதிதாக எதை எழுதினாலும் நடுவழிப் பெட்டிகள் குழப்பின. 2004-ல் லினக்ஸ் கொஞ்சம் பெரிய பெருக்கல் எண்ணைச் சொல்லத் தொடங்கியபோது, சில ரவுட்டர்கள் வழியில் அந்த எண்ணை மட்டும் அழித்துவிட்டதால் சில இணையதளங்கள் திறக்கவே மறுத்தன. விதி எழுதி 12 ஆண்டு கழித்தும் இந்த நிலை. டிசிபியை இனி வெளியிலிருந்து திருத்துவது கடினம் என்று புரிந்தது.

அதனால் கூகுளில் தொடங்கி, பிறகு எல்லோரும் சேர்ந்து செதுக்கிய 'குயிக்' என்ற புதிய நெறிமுறை மே 2021-ல் ஆர்.எஃப்.சி. 9000 ஆக வந்தது. பதிப்பித்தவர்கள் ஜனா ஐயங்கார், மார்ட்டின் தாம்சன். இது டிசிபியை விட்டுவிட்டு யுடிபியின்மேல் உட்காருகிறது. பேச்சுவார்த்தை முழுவதும் நடுவழியில் யாரும் கைவைக்க முடியாதபடி காப்பிடப்பட்டிருக்கிறது. இந்தப் பதிவை உங்கள் போனுக்குக் கொண்டுவந்தது அதுவாகவே இருக்கலாம்.

இதில் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. டிசிபி இயங்குதளத்துக்குள் இருந்தது. நம்மால் சுவிட்சுகளை மட்டும்தான் தொட முடிந்தது. குயிக் பெரும்பாலும் புரோகிராமோடு வரும் ஒரு நூலகம். சுவிட்சுப் பலகையைத் திறந்து வயரையே மாற்றலாம். எவ்வளவு வேகமாக அனுப்புவது, நெரிசலில் விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பதை இனி அப்ளிகேஷன் எழுதுபவர் கையில் கொடுத்துவிட்டோம். விதி ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் 1988-ல் பெர்க்லி ஒரு திருத்தத்தைச் சேர்த்து அனுப்பினால் அதை எடுத்துக்கொண்ட எல்லா இடத்திலும் ஒழுங்கு வந்தது. இன்று ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் சரியாக எழுத வேண்டும். உங்களில் சிலர் அந்த ஆயிரத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் நான் ஆசிரியரா? நாளை அலுவலகத்தில் உங்கள் புரோகிராமில் செட்சாக்ஆப்ட் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றின் மேலேயும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இது எந்தச் சிக்கலுக்காக, எந்த அளவீட்டைப் பார்த்துப் போடப்பட்டது. எழுத முடியாத வரியைச் சோதனைச் சர்வரில் எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். ஒன்றும் மாறாவிட்டால் பூனையை அவிழ்த்து விடுங்கள். மாறினால் காரணம் தெரிந்துவிட்டது, அதை எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

உறவினர்களுக்கு வீட்டுப்பாடம் இல்லை. ரயில்வே கேட்டில் மட்டும் உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்த ஞாயிறு, பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். கதை. எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்